ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். 6 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் 2 பீரியடு ஓவியம், பாட்டு என்று கால அட்டவணையில் இருக்கிறது. ஓவிய ஆசிரியர் வாரத்தில் சில நாள்தான் வருவார். அந்தப் பீரியடுகளைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. கலைப் பாடத்தால் உண்மையில் என்ன பயன்? ஆளும் பணமும் இல்லாத பள்ளியில் அதை எப்படி நடத்துவது?

பதில்:

கொடுக்க வேண்டாம். ஆனால் கூட்டத்தில் அதற்கு என்ன காரணம் சொல்லப் போகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். "பாட்டு கற்றால் மூளை வளரும், ஓவியம் வரைந்தால் கணக்கு வரும்" என்று ஆரம்பித்தால், அடுத்த பருவத் தேர்வில் கணக்கு மதிப்பெண் ஏறாதபோது உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

அந்த மூளைக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1993இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்கள் 36 பேருக்கு மோஸார்ட்டின் இசையைப் 10 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். அதன் பிறகு காகிதம் மடிப்பது, வடிவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பது போன்ற ஒருவகைக் கேள்விகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சரியான விடை வந்தது. அதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. குழந்தைகளை வைத்து அந்தச் சோதனையே நடக்கவில்லை. கடைக்கு வருவதற்குள் அது "குழந்தையை மேதையாக்கும் இசை" ஆகிவிட்டது. 2000இல் ஹார்வர்டைச் சேர்ந்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கலை கற்பதால் பொதுவாக மற்றப் பாட மதிப்பெண் ஏறுகிறது என்பதற்கு உறுதியான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறையில் கதையை நடித்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மொழித்திறன் கூடுகிறது என்பது மாதிரி இரண்டு மூன்று மட்டும் தேறின. இதைக் கண்டு சொன்ன இருவருமே கலைக் கல்விக்காக வாதாடுகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிக்கு நாடகம், இசை, ஓவியம், நடனம் என்று கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2019இல் முடிவு வெளியானது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் பிள்ளைகள் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தார்கள், கட்டுரை எழுதும் தேர்வில் ஓரளவு முன்னேற்றம், பிறர் துன்பத்தை உணர்வதிலும் கொஞ்சம் ஏற்றம். மலைக்க வைக்கும் எண்கள் இல்லை. ஆனால் குலுக்கல் முறையில் நடந்ததால் நம்பலாம். ஆய்வுகளில் இதை மட்டும் கூட்டத்தில் சொல்லுங்கள், போதும்.

நான் முதலில் வைக்கும் காரணம் வேறு. கலைப் பாடம் கற்றுக்கொடுக்கும் இரண்டு மூன்று பழக்கங்களை வேறு எந்தப் பாடமும் பள்ளியில் சொல்லித்தருவதில்லை: நின்று பார்ப்பது, செய்ததைத் தானே மறுபடி செய்வது, விடைத்தாள் இல்லாத இடத்தில் தானே முடிவெடுப்பது. இதைப் பேச்சாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துக் காட்டிவிடலாம்.

ஆறாம் வகுப்பு. நாலு பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர், நடுவில் வைத்தாயிற்று. முதல் 5 நிமிடம் ஒன்றும் சொல்லாமல் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான தாள்களில் இப்படித்தான் வரும்: மேல் விளிம்பு இரண்டு பக்கமும் கூரான மாவிலை, பக்கங்கள் இரண்டு கோடு, அடிப்பாகம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு. டம்ளர் மேசையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். அதனால் அடியை நேராகப் போடுகிறது. அதாவது தெரிந்ததை வரைகிறது, தெரிவதை வரையவில்லை.

இப்போது டம்ளரைத் தூக்கி ஒவ்வொரு பிள்ளையின் கண் மட்டத்துக்கும் கொண்டு போங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும். விளிம்பு வெறும் கோடாகிவிடும். மெதுவாக இறக்குங்கள். கோடு திறந்து நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் உருண்டை கூடும், நேர் மேலிருந்து பார்த்தால் முழு வட்டம். ஒன்றுபோலவே அளவுள்ள வட்டங்கள்தாம், ஆனால் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக உருண்டை கூடுகிறது. அப்படியானால் மேசையில் இருக்கும் டம்ளரின் அடி எப்படி இருக்க வேண்டும்? மேல் விளிம்பைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள், சொல்லும். பிறகு விளிம்பைக் காற்றில் விரலால் சுற்றிக் காட்டச் சொல்லி, அதே தாளில் பக்கத்திலேயே இரண்டாம் படம். நீள்வட்டத்தை இரண்டு வில்லாக வரைந்து ஒட்டினால்தான் மாவிலை முனை வருகிறது. பென்சிலை எடுக்காமல் தோளிலிருந்து கையைச் சுழற்றி மூன்று நான்கு சுற்று லேசாக ஓட்டினால் முனை மழுங்கிவிடும்.

அழிரப்பரைப் பீரியடு தொடங்கும்போதே பைக்குள் போடச் சொல்லிவிடுங்கள். ரப்பர் இருந்தால் 40 நிமிடமும் முதல் விளிம்பிலேயே போய்விடும். அது மட்டுமில்லாமல், தப்பான கோடு தாளில் இருந்தால்தான் சரியான கோட்டை அதற்குப் பக்கத்தில் போட முடியும். எச்பி பென்சில் அழுத்தமான கையை இன்னும் அழுத்த வைக்கும். 2பி வாங்குங்கள்.

முடிவில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்று பிடிபடும்: "நான் ஒழுங்காகப் பார்க்காமலேயே வரைந்துவிட்டேன்." அறிவியல் ஆசிரியர் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள செங்கல் அடுக்குப் படத்தைக் காப்பியடிக்கும் பிள்ளையும் தெரிந்ததைத்தான் வரைகிறது. டம்ளர் பாடம் தானாக நுண்ணோக்கிக்குப் போய்விடாது. "அன்றைக்கு டம்ளரில் பார்த்தாயே, அதே மாதிரி பார்" என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாத பள்ளியில் பயன் ஓவிய நோட்டோடு நின்றுவிடும்.

இந்தப் பாடம் 9, 10 வயதுக்கு மேல்தான். சின்ன வகுப்பில் இதைச் செய்தால் கெடுதல். குழந்தைகளின் வரைதல் வயதோடு மாறும் விதத்தை விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1940களிலேயே படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். வயதுக் கணக்கில் முன்னே பின்னே இருக்கும், ஆனால் வரிசை கிட்டத்தட்ட அதேதான். 4 முதல் 7 வயதில் தலையிலிருந்தே கை கால் முளைக்கும். 7 முதல் 9 வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், எல்லாம் அதன் மேல் வரிசையாக நிற்கும். வானம் உச்சியில் ஒரு நீலப் பட்டையாக மட்டும் இருக்கும், நடுவில் வெறும் காற்று. வீட்டுச் சுவர் இருக்கும், உள்ளே அம்மா சமைப்பதும் தெரியும். அப்பாவைவிடப் பாட்டி பெரிதாக இருப்பாள், ஏனென்றால் அவள்தான் முக்கியம். இவை தப்பில்லை. அந்த வயதின் இலக்கணம். "சுவர் இருந்தால் உள்ளே எப்படித் தெரியும்?" என்று கேட்டுத் திருத்தும் ஆசிரியர், அந்தப் பிள்ளை வரைவதை நிறுத்துவதற்கான வேலையைத் தொடங்கிவைக்கிறார்.

9 வயதுக்கு மேல் பிள்ளைக்கே சந்தேகம் வரும். குதிரை வரைந்தால் நாய் மாதிரி இருக்கிறதே என்று தெரிய ஆரம்பிக்கும். "எனக்கு வரைய வராது" என்ற சொல் இந்த வயதில்தான் பிறக்கிறது. அப்போது "நன்றாகத்தான் இருக்கிறது" என்று தட்டிக்கொடுத்தால் நம்ப மாட்டார்கள். உத்தியைத் தர வேண்டும். உங்கள் பள்ளியின் 6 முதல் 8 வகுப்புகள் சரியாக இந்த இடத்தில் நிற்கின்றன. இங்கே பீரியடை எடுத்துவிட்டால், வரைய வராது என்ற முடிவோடு அந்தப் பிள்ளை பெரியவராகிவிடும்.

நம் ஊரில் இன்னொரு வியாதி உண்டு. "இயற்கைக் காட்சி வரை" என்றால் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னை, வி மாதிரி நாலு பறவை. கண்ணுக்கு எட்டிய தூரம் வயலாகவே கிடக்கும் ஊரிலும் அதே இரண்டு மலை. இது பிள்ளையின் கற்பனை இல்லை, கையிலிருந்து கைக்கு வந்த அச்சு. தலைப்பை மாற்றினால் போதும், இது உடையும். "மழை பெய்ததும் உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே தேங்கும்? அந்த இடத்தை வரை." "உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை மேலிருந்து பார்த்த மாதிரி வரை." இதற்கு முன்மாதிரி எங்கும் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கணக்குக்குத்தான் நேரம் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் கோலத்தைப் பற்றிப் பேசுங்கள். மேலே நான் சொன்ன எச்சரிக்கை அப்படியே இருக்கட்டும், கோலம் போட்டால் கணக்கு மதிப்பெண் ஏறும் என்று சொல்லவில்லை. கோலத்துக்குள்ளேயே கணக்கு இருக்கிறது என்கிறேன். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு வேலை செய்தவர்களும் கோலத்தைக் கணினி அறிவியல் ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வராந்தாவில் சாக்பீஸால் ஒரு சாண் இடைவெளியில் நேர்ப்புள்ளி வையுங்கள், 3 வரிசை, வரிசைக்கு 4. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலும், மேல் கீழ்ப் புள்ளிகளுக்கு நடுவிலும் சின்னதாகப் பெருக்கல் குறி போடுங்கள். மொத்தம் 17 குறி வரும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தால் எங்கோ விட்டுவிட்டார்கள். இனி ஒரு குறியில் தொடங்கி, எதிர்ப்படும் ஒவ்வொரு குறியையும் சாய்வாக நேரே கடந்து போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். 3க்கு 4 புள்ளியில், தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது எல்லாப் புள்ளியும் சுற்றப்பட்டிருக்கும். ஒரே இழை. அடுத்து 4க்கு 4 போடச் சொல்லுங்கள். இழை சீக்கிரமே மூடிக்கொள்ளும், மிச்சம் கிடக்கும். வேறு நிறச் சாக்பீஸ் எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். முடிவில் 4 நிறம். 4க்கு 6 போட்டால் 2 நிறம், 3க்கு 6 என்றால் 3, 5க்கு 7 என்றால் மறுபடி ஒன்று. கரும்பலகையில் அட்டவணையாக எழுதிக்கொண்டே போங்கள். மீப்பெரு பொதுக் காரணியை அப்போதுதான் படித்து முடித்த வகுப்பாக இருந்தால், யாராவது ஒருவர் கத்திவிடுவார்கள். இழைகளின் எண்ணிக்கை அதுதான்.

அதோடு விட்டுவிடாதீர்கள். 4 இழையையும் ஒன்றாக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு நிறம் வெட்டிக்கொள்ளும் ஒரு குறியில், வெட்டாமல் ஒன்றையொன்று ஒட்டித் திரும்பிவிட்டால் அந்த இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். இப்படி மூன்று இடத்தில் திருப்பினால் 4 இழை ஒன்றாகும். சிக்குக் கோலம் போடுகிறவர்கள் சில இடங்களில் வெட்டாமல் திருப்புவதன் சூட்சுமம் இதில் கொஞ்சம் விளங்கும். தப்பு நடப்பது பெரும்பாலும் மூலைப் புள்ளியில்தான். முழுவதும் சுற்றாமல் அவசரமாகத் திரும்பிவிடுவார்கள், எண்ணிக்கை மாறிவிடும். அந்தத் தப்பையும் அழிக்க வேண்டாம். எந்தக் குறியில் தடம் மாறியது என்று தேடுவதே அந்தப் பீரியடின் நல்ல பகுதி. இன்னொன்று: வீட்டில் கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் அன்று ஆசிரியர்களாகிவிடுவார்கள். கணக்கில் பின்தங்கியவள் என்று பெயர் வாங்கியவள்கூட அதில் இருப்பாள்.

தாளத்துக்குக் கை மட்டும் போதும். வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு 'தகிட', மறுபாதிக்கு 'தகதிமி'. எல்லாரும் ஒரே வேகத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும், வினாடிக்கு ஏறத்தாழ 2 எழுத்து. அவரவர் சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டு. இரண்டு பக்கத் தட்டும் 12 எழுத்துக்கு ஒருமுறை ஒன்றாக விழும். 'தகிட'வும் 'தகதகிட'வும் என்றால் 15. பிறகு 'தகதிமி'க்கு எதிராக 'தகதிமிதக'. 24இல் சேரும் என்று எதிர்பார்ப்பார்கள், 12லேயே விழுந்துவிடும். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இதில் எப்போதும் நடக்கும் கோளாறு, 'தகிட' கோஷ்டி மெல்ல மெல்ல ஓட ஆரம்பிப்பது. சொல் சின்னதாக இருப்பதால் அவசரம் வருகிறது. ஒரு பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, எழுத்துக்கு ஒரு தட்டாகப் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் நிற்கும்.

பறை கற்றுத்தர உள்ளூரில் ஆள் இருந்தால் கூப்பிடுங்கள், மரியாதையாகச் சம்பளம் கொடுங்கள். சாவு வீட்டில் மட்டும் கேட்ட பறையைப் பள்ளி மைதானத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எடுத்து அடிப்பதில் என்ன நடக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நடைமுறை விஷயம் ஒன்று: அடைத்த வகுப்பறையில் வேண்டாம், காது தாங்காது, மரத்தடிக்குப் போங்கள். மழைநாளில் தோல் தொய்ந்து 'பொத் பொத்' என்றுதான் கேட்கும். வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்ட வேண்டும். அதைப் பிள்ளைகள் கையில் விடாமல், வந்திருக்கும் கலைஞரே செய்யட்டும்.

பாட்டுக்குத் தனி ஏற்பாடு எதுவும் இல்லாத பள்ளியிலும் தமிழ்த்தாய் வாழ்த்து தினம் உண்டு. 2021இல் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது மோகன ராகம், மூன்றன் நடை (மூன்று மூன்றாக எண்ணும் தாளம்), 55 வினாடி என்று அரசாணையிலேயே சொல்லியிருக்கிறது. மோகனம் ஐந்தே ஸ்வரம், ச ரி க ப த. பிள்ளைகளுக்கு இதைவிட எளிய ராகம் கிடையாது. ஆனாலும் பல பள்ளிகளில் கேட்கக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் சுருதி. ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு வசதியாக 1 கட்டையில், அதாவது தாழ்ந்த சுருதியில், எடுத்துக்கொடுப்பார். கீழ் ஸ்வரங்கள் பிள்ளைகளுக்கு எட்டாது. பாதிப் பேர் முணுமுணுப்பார்கள், மீதிப் பேர் மேலே தாவிக் கத்துவார்கள். செல்போனில் சுருதிப்பெட்டிச் செயலியைப் போட்டு 4 அல்லது 5 கட்டையில் வைத்து எடுத்துக்கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் காதுக்குத் தெரியும். மைக் முன்னால் நிற்கும் நாலு பிள்ளைகளை வாரா வாரம் மாற்றுங்கள்.

களிமண் வேலைக்குப் பணம் வேண்டாம், முன்னேற்பாடு வேண்டும். ஏரி, குளத்து மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்து, 2 நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். அரை ஈர மண்ணை ஊறவைத்தால் கட்டி கரையாது, முழுக்கக் காய்ந்த மண்தான் சட்டென்று கரையும். கொசுவலைத் துணியில் வடிகட்டி, பழைய வேட்டியில் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட வேண்டும். பென்சில் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றினால் வெடிக்காமல் வளைய வேண்டும். வெடித்தால் காய்ந்துவிட்டது, அல்லது மணல் அதிகம். பிசுபிசுவென்று ஒட்டினால் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேருங்கள். ஒரு பிள்ளைக்கு 400 கிராம் என்றால் 30 பேருக்கு 12 கிலோ. ஈரச் சாக்கில் சுற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

எல்லாரும் யானை செய்வார்கள், மறுநாள் எல்லா யானைக்கும் கால் உடைந்திருக்கும். மெல்லிய கால் முதலில் காய்ந்து சுருங்குகிறது, தடித்த உடம்பு இன்னும் ஈரமாக இருக்கிறது, ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டுவிடுகிறது. காலைத் தனியாகச் செய்து ஒட்டாமல் அதே உருண்டையிலிருந்து இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் நிற்காது. கட்டைவிரல் கனத்துக்கு மேல் எந்த இடமும் இருக்கக் கூடாது, உடம்பைக் குடைந்துவிடுங்கள். அய்யனார் கோயில் மண்குதிரைகளின் கால்கள் குழாய் மாதிரி உள்ளே வெறுமையாக இருப்பதும் இதனால்தான். செய்தித்தாள் போர்த்தி நிழலில் ஒரு வாரம் காயட்டும். உள்ளூரில் சூளை போடுகிறவர் இருந்தால் அதில் வைத்துத் தரச் சொல்லலாம், ஆனால் துளி ஈரம் இருந்தாலும் உள்ளே நீராவி கட்டி வெடிக்கும், அவருடைய பானைகளையும் சேர்த்துக் கெடுக்கும். பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

வண்ணத்துக்கு 12 நிறப் பெட்டி ஆளுக்கொன்று என்று கிளம்பினால் பணம் போதாது. 30 பேர் வகுப்புக்கு அரை லிட்டர் போஸ்டர் கலர் பாட்டில் ஐந்து: எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை, கறுப்பு. மற்ற எல்லா நிறமும் அவர்களே கலக்கட்டும், பாடமே அதுதானே. சிவப்பில் மட்டும் கவனமாக இருங்கள். கடையில் கிடைக்கும் வெர்மிலியன் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. நீலத்தோடு சேர்த்தால் ஊதாவுக்குப் பதில் சேற்று நிறம் வரும், "சார் புத்தகத்துல தப்பா போட்டிருக்காங்க" என்பார்கள். கிரிம்சன்தான் ஊதா தரும். கலவை மோரைவிடக் கெட்டியாக, தயிரைவிடத் தண்ணியாக இருக்க வேண்டும். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஜெராக்ஸ் தாள் ஈரம் பட்டால் சுருங்கி அலை அலையாகிவிடும். 120 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தாள், இல்லையென்றால் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். பிரஷ் இருவருக்கு ஒன்று, தட்டை 6ஆம் எண்ணில் 15. தட்டுக்குப் பாக்குமட்டை, தண்ணீருக்குக் கொட்டாங்கச்சி. அது கவிழாமல் இருக்கத் துணியைச் சும்மாடு மாதிரிச் சுருட்டி அடியில் வைக்க வேண்டும். கடைசி 8 நிமிடம் கழுவுவதற்கு. இதை விட்டால் பிரஷ் எல்லாம் ஒரு மாதத்தில் விளக்குமாறாகிவிடும். முடி மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.

ஆள் விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வகுப்பில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும். தமிழ்நாட்டில் 2012இல் அப்படி 16,549 பேரை எடுத்தார்கள், வாரத்துக்கு 3 அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு ஏறியிருந்தாலும் நிலைமையின் வடிவம் அதேதான்: ஆசிரியர் வரும் நாளும் கால அட்டவணையில் பீரியடு இருக்கும் நாளும் பொருந்தவே பொருந்தாது. இலங்கையில் 6ஆம் தரத்திலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியற் பாடங்களில் ஒன்றைப் பிள்ளை எடுத்தே ஆக வேண்டும், அது பாடமாகவே எண்ணப்படுகிறது. நம்மிடம் 2005 தேசியப் பாடத்திட்டச் சட்டகமே பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயமாக்கச் சொன்னது, 2023 சட்டகமும் மற்றப் பாடங்களுக்குச் சமமாக வைக்கச் சொல்கிறது. சொன்னதோடு சரி.

அதனால் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பகுதிநேர ஆசிரியர் வரும் நாளுக்குப் பீரியடை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு 40 நிமிடத்தைத் தனித்தனியாக வைப்பதைவிடச் சேர்த்து 80 நிமிடமாக வையுங்கள். எடுத்து வைக்கவும் கழுவவும் 15 நிமிடம் போனால், தனிப் பீரியடில் மிச்சம் 25 நிமிடம்தான். சேர்த்து வைத்தால் 65 கிடைக்கும். ஓவிய ஆசிரியரே இல்லாவிட்டால் வகுப்பாசிரியர் நடத்தலாம், டம்ளருக்கும் கோலத்துக்கும் தாளத்துக்கும் நன்றாக வரையவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: பிள்ளையின் தாளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. "வரைஞ்சு குடுங்க டீச்சர்" என்று கேட்டால், தனித் தாளில் வரைந்து காட்டிவிட்டு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட வேண்டும். கரும்பலகையில் ஒரு மாதிரியை வரைந்துவிட்டு "பார்த்துப் போடுங்கள்" என்றால் 30 தாளும் ஒரே படம்.

கலைத் திருவிழாவைப் பற்றியும் கேட்பார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளுக்கு நடக்கிறது, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை. மேலே வருகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். கிராமத்துப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது நல்ல விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதையே கலைக் கல்வி என்று கணக்குக் காட்டும் பள்ளிகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஆடத் தெரிந்த பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி, இரண்டு மாதம் ஒரே பாட்டுக்குப் பழக்கி, மீதிப் பேரைக் கைதட்ட உட்கார வைப்பது தேர்வு, பயிற்சி, போட்டி. பீரியடு அந்த மீதிப் பேருக்காகத்தான். திருவிழாப் பயிற்சி பள்ளி விட்ட பிறகு நடக்கட்டும்.

மதிப்பெண் போடச் சொன்னால், படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டைக் கோப்பு, எல்லாத் தாளிலும் தேதி. பருவ முடிவில் மூன்றே கேள்வி: முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் என்ன மாறியிருக்கிறது? ஏன் மாற்றினாய்? இன்னொரு தடவை போட்டால் எதை மாற்றுவாய்? ஆளுக்கு 2 நிமிடம் ஆகும், 30 பேருக்கு ஒரு மணி நேரம். சுவரில் ஒட்டும்போது நல்லதாக ஐந்தைப் பொறுக்காமல் எல்லாருடையதையும், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தலைமையாசிரியர் அறைச் சுவரில் மேலே மாட்டியிருக்கும் படங்களை ஏணி போட்டுத்தான் பார்க்க முடியும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வாதத்துக்குப் பதிலாக இரண்டு பொருள் எடுத்துப் போங்கள். ஒரு டம்ளர், ஒரு சாக்பீஸ். பீரியடை எடுக்கச் சொல்கிறவர்களையே முதலில் டம்ளரை வரையச் சொல்லுங்கள். அடிக்கோட்டை எத்தனை பேர் நேராகப் போடுகிறார்கள் என்று எண்ணிவிட்டு, பிறகு பேச ஆரம்பிக்கலாம். தீர்மானத்தில் எழுத வேண்டியது மூன்று வரி: ஒன்று, கலைப் பீரியடு இரண்டும் சேர்ந்தாற்போல், பகுதிநேர ஆசிரியர் வரும் நாளில்; இரண்டு, பருவத் தேர்வுக்கு முந்தைய வாரங்களிலும் அதை வேறு பாடத்துக்கு எடுப்பதில்லை; மூன்று, ஆண்டுத் தொடக்கத்தில் தாள், வண்ணம், பிரஷ் வாங்கப் பள்ளி மானியத்திலிருந்து ஒரு தொகை, ரசீதோடு. இரண்டாவது வரிக்குத்தான் எதிர்ப்பு வரும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்ற இரண்டையும் தள்ளிப்போட்டுக்கூட வாங்கிக்கொள்ளலாம்.